வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்

லிஃப்ட் நின்றுபோனால் கட்டிடத்தில் எல்லாரும் வந்து தட்டுவது எட்டாம் மாடியில் அவள் வீட்டுக் கதவைத்தான். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கு வேலை என்னவோ ஊரின் மறுகோடியில், பளபளவென்று இருக்கும் அலுவலகக் கட்டிடங்களில். ஆனாலும் இந்த வீட்டுவசதி வாரிய வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து, இங்கிருக்கும் பழைய லிஃப்ட் முரண்டு பிடிக்கும்போதெல்லாம் அவன்தான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டை மாடி மோட்டார் அறைக்கு ஏறுவான். வாரியத்துக்குச் சொல்லி, அவர்கள் ஆள் அனுப்பி, அந்த ஆள் வந்து சேர்வதற்குள் இவன் வேலையை முடித்துவிட்டுக் குளித்துவிட்டிருப்பான். அதனால் கட்டிடத்தில் அவன் பெயர் லிஃப்ட்காரர். அவள் லிஃப்ட்காரர் வீட்டம்மா.

அன்றும் காலையிலேயே ஆறாம் மாடிக் கண்டக்டர் வந்து நின்றார். அவர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் குரல் மட்டும் இன்னும் பஸ்ஸின் பின்படியிலேயே நின்றுகொண்டிருந்தது.

"ஏம்மா, சார் இருக்காரா? லிஃப்ட் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல தொங்குது."

"வெளியூர் வேலைண்ணே. வர நாளாகும்."

"போன மாசமும் இதையேதானே சொன்ன? அப்படி என்ன வேலை? நிலாவுக்கு லிஃப்ட் போடுறாங்களா?"

அவள் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்பார் என்று தெரியும். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமியார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவன் போய் நாலு மாதம் ஆகிவிட்டது. ஒரு வாரம் வெளியூர் வேலை என்று சொல்லித்தான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். முதல் வாரம் தினமும் போன் வந்தது. அப்புறம் இரண்டு நாளுக்கு ஒருமுறை. கடைசியாகப் பேசியபோது, "கொஞ்ச நாள் தனியா இருக்கணும்போல இருக்கு, தொந்தரவு பண்ணாத" என்றான். அதோடு சரி. அதற்கப்புறம் அவள் எத்தனை முறை கூப்பிட்டாலும் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த மாதத்திலிருந்து வீட்டுக்கு அவன் சம்பளமும் வரவில்லை.

அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ரொட்டித் தொழிற்சாலையில் தன்னோடு நின்று வேலை செய்கிறவர்களிடமும்கூட. சந்தேகம் வரக்கூடாது என்று வாரம் ஒருமுறை அவன் சட்டைகளை எடுத்து நனைத்து, பால்கனிக் கொடியில் எதிர்க் கட்டிடத்துக்காரர்கள் கண்ணில் படுகிறமாதிரி காயப்போட்டாள். நாலு மாதமாக ஒருமுறைகூட அவன் உடம்பில் படாத சட்டைகள். ஆனாலும் காலரைத் தேய்த்துத்தான் துவைத்தாள். பழக்கம்.

ஊர் வாயை அடைக்க முடிந்தது. வாரியத்தின் வாயை அடைக்க முடியவில்லை. வாரிய வீடுகளுக்கு வாடகை, குடும்ப வருமானத்தைப் பார்த்துப் போடுவது. இரண்டு சம்பளம் வருகிற வீடு என்றுதான் அவர்கள் வீட்டுக்கு வாடகை போட்டிருந்தார்கள். அவள் சம்பளம் சாப்பாட்டுக்கும் கரண்டுக்கும் மாமியாரின் முட்டிவலி மாத்திரைக்கும் இழுத்துப் பிடித்தால் போதும். முதல் மாத வாடகையைக் கையிருப்பில் சமாளித்தாள். அப்புறம் மூன்று மாதம் கட்டவில்லை. நோட்டீஸ் வந்தது. பாக்கியைக் கட்டு, இல்லாவிட்டால் நேரில் வந்து பேசு, இரண்டும் இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வைக்கும் நடவடிக்கை எடுப்போம் என்றது. அடியில் சின்ன எழுத்தில், கஷ்டத்தில் இருக்கும் குடித்தனக்காரர்களுக்கு உதவி மையம் இருக்கிறது என்று விலாசமும் போட்டிருந்தது. அந்தச் சின்ன எழுத்தைப் படிக்க அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. முதல் வரியோடு மடித்து வைத்துவிட்டிருந்தாள்.

ஷிஃப்ட் முடிந்து, தலையில் மாவுத் தூசியோடு அப்படியே போனாள். வாரிய அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு நீளமான அறை. சுவரை ஒட்டி நாற்காலிகள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் முறை வந்தபோது மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, ஐம்பது வயதுப் பெண், ஜலதோஷத்தில் மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சிவக்க வைத்திருந்தார்.

"வீட்டுல யார் யாரும்மா இருக்கீங்க?"

"நான், என் வீட்டுக்காரர், மாமியார்."

"வீட்டுக்காரர் வேலைக்குப் போறாரா?"

"போறார். இப்போ கொஞ்சம் சரியில்லை."

"எது சரியில்லை? உடம்பா, வேலையா?"

"வேலை."

"அப்போ அவர் சம்பளச் சீட்டைக் கொண்டு வாங்க. சம்பளம் குறைஞ்சிருந்தா வாடகையைக் குறைக்க வழி இருக்கு. அவரையும் கூட்டிட்டு வாங்க. வீடு அவர் பேர்லதான் இருக்கு."

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதிகாரி கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு அவளை நன்றாகப் பார்த்தார்.

"இங்க பாரும்மா. எங்கிட்ட மறைக்கிறதால எனக்கு ஒண்ணும் குறையப் போறதில்லை. அவர் இருக்கார்னு எழுதியிருக்கிற வரைக்கும் அவர் சம்பளமும் வீட்டுக்கு வருதுன்னுதான் கணக்கு. வாடகை உன் தலையிலதான் ஏறும்."

"அவர் இல்லை" என்றாள்.

அதிகாரியின் பேனா நின்றது. "ஐயோ. எப்போம்மா?"

"அப்படி இல்லை மேடம். போயிட்டார்."

"அதைத்தாம்மா கேட்கிறேன். எப்போ போனார்?"

"உயிரோடதான் மேடம் இருக்கார். எங்க வீட்டுலதான் இல்லை."

அதிகாரி சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டது தெரிந்தது. அவளுக்கே ஒரு விநாடி சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கப் போய் அழுகை வந்தது. நாலு மாதத்தில் முதல் தடவையாக அதை வாயால் சொல்லியிருந்தாள், அதுவும் யாரோ ஒருத்தரிடம்.

அழுது முடிக்கும்வரை அதிகாரி காத்திருந்தார். பிறகு விளக்கினார். அவன் வீட்டை விட்டுப் போன மாதத்திலிருந்து அவள் ஒருத்தி சம்பளத்துக்கு வாடகையைக் கணக்குப் போடலாம். அப்படிப் போட்டாலே பாக்கியில் பாதிக்கு மேல் கழிந்துவிடும். மிச்சத்தைத் தவணையில் கட்டலாம். வீட்டை அவள் பெயருக்கு மாற்றலாம். ஆனால் வீட்டில் இருக்கிற பெரியவர்கள் எல்லாரும் நேரில் வந்து, அவன் இங்கே இல்லை, எப்போதிலிருந்து இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"மாமியாரும் வரணுமா?"

"அவங்கதானே பெத்த அம்மா. அவங்க சொன்னா மறுபேச்சு இருக்காது. சீக்கிரம் வாங்க. நோட்டீஸ் எனக்காகக் காத்திருக்காது."

எட்டு மாடி ஏறி வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியாரிடம் சொன்னாள். அவர் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு, "என்னால முடியாது" என்றார்.

"அத்தை, வீடு போயிடும்."

"பெத்தவளே வந்து என் பிள்ளை ஓடிப்போயிட்டான்னு ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கணுமா? நாளைக்கு அவன் வந்து நின்னா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கதவைத் திறக்கிறது?"

"நாலு மாசமா வராதவரா நாளைக்கு வரப்போறார்?"

"அப்போ சட்டையை எதுக்குக் காயப்போட்ட? நீதானே போட்ட? நானா போட்டேன்?"

அவளுக்குச் சுருக்கென்றது. மாமியார் அன்று சாப்பிடவில்லை. அவளும் எடுத்து வைக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க இப்படியே போனது. தொழிற்சாலையில் அவள் வேலை, ரொட்டி பொதிந்த உறையின் வாயை முறுக்கிக் கிளிப் போடுவது. ரொட்டிகள் வந்துகொண்டே இருக்கும், கை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒருநாள் மேற்பார்வையாளர் வந்து தோளைத் தட்டியபோதுதான், கிளிப் போடாமல் வெறுமனே முறுக்கி முறுக்கி ஒரு டிரே நிறைய அனுப்பியிருந்தது தெரிந்தது. "வீட்டுல பிரச்சினையா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "தூக்கம் இல்லைக்கா" என்று சொல்லி வைத்தாள்.

அன்று வீடு திரும்பியபோது கதவில் பசையோடு ஒரு நோட்டீஸின் மூலை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மீதியைக் கிழித்து மாமியார் மடியில் வைத்திருந்தார்.

"வாரியத்து ஆள் வந்தான். நீங்க யாருன்னு கேட்டான். வீட்டுக்காரனோட அம்மான்னேன். வீட்டுக்காரர் எங்கன்னான்." அவர் நிறுத்தி, முட்டியைத் தடவிக்கொண்டார். "அவர் இல்லாத வீட்டுல நீங்க என்ன கணக்குல இருக்கீங்கன்னு கேட்டான். எனக்குப் பதில் வரலை."

அவள் செருப்பைக் கழற்றினாள்.

"நாளைக்கு லீவு போடு" என்றார் மாமியார்.

லிஃப்ட் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. மாமியார் படி இறங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு கை கைப்பிடிச் சுவரில், ஒரு கை மருமகள் தோளில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினார். மாடிக்கு மாடி நின்றார்கள். கீழே வந்து ஆட்டோவில் ஏறியதும், வெயிலில் கண் கூசி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

உதவி மையத்தில் அதே அதிகாரி. ஜலதோஷம் இப்போது இருமலாக மாறியிருந்தது. மாமியாருக்கு முதுகு சாய்ந்த நாற்காலியாகப் பார்த்துப் போடச் சொன்னார்.

"உங்க மகன் எப்போலேர்ந்து வீட்டுல இல்லைம்மா?"

மாமியார் சரியாகச் சொன்னார். மாதம், அன்று என்ன கிழமை என்பதுவரை.

"திரும்பி வர வாய்ப்பு இருக்கா?"

தெரியாது என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் மாமியார், "வரமாட்டான்" என்றார்.

"எப்படிம்மா அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

மாமியார் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவன் வேற வீடு எடுத்திருக்கான். கூட ஒருத்தி இருக்கா. ரெண்டாவது மாசமே என் போன்ல கூப்பிட்டுச் சொல்லிட்டான். இவ வேலைக்குப் போயிருந்த நேரம். அழுது பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். முடிஞ்சு போச்சும்மா விடுங்கன்னுட்டான்."

மேஜைமேல் ஒரு ஸ்டேப்ளர் இருந்தது. அதன் முனையில் யாரோ சிவப்பு நூல் கட்டியிருந்தார்கள். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி தன் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். "உனக்கு இது தெரியுமாம்மா?"

"இப்பத் தெரியும்."

"கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்துட்டு வர்றியா?"

"வேண்டாம் மேடம். முடிச்சிடுங்க."

அதிகாரி எழுதினார். அறையில் வேறு மேஜைகளில் வேறு பேச்சுகள் நடந்துகொண்டிருந்தன. கடைசியில் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"வீடு இனி உன் பேருக்கு வரும். கூட யார் இருக்காங்கன்னு நீதான் சொல்லணும். இவங்க பேரைப் போடவா?"

மாமியார் நிமிரவில்லை. கைப்பையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு உடனே பதில் சொல்லத் தோன்றவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் கிழவி தவிக்கட்டும் என்றுதான் இருந்தது. அதை அவளே அறிந்துதான் செய்தாள்.

"போடுங்க" என்றாள்.

"உறவு?"

"மாமியார்தான். வேற என்ன?"

திரும்பி வந்து கட்டிடத்தின் வாசலில் நின்றபோதுதான் படி ஞாபகம் வந்தது. இறங்கியதைவிட ஏறுவது கொடுமை. அவள் தன்பாட்டுக்கு விடுவிடுவென்று முதல் மாடி ஏறிவிட்டாள். கீழே கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி வைத்து அடுத்ததைத் தூக்க முடியாமல் மாமியார் நிற்பது தெரிந்தது. கூப்பிடவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்து தோளைக் கொடுத்தாள்.

மூன்றாம் மாடி வந்தது. மாமியாரின் மூச்சுதான் பெரிதாகக் கேட்டது.

"சொன்னா நீ போயிடுவேன்னு பயந்தேன்" என்றார்.

"எங்க போவேன்? எனக்கு எந்த வீடு திறந்து கிடக்கு?"

"எனக்கு எது கிடக்கு?"

அவள் நின்றுவிட்டாள். "நாலு மாசம் அத்தை. தலைவலிச்சாலும் காய்ச்சல் அடிச்சாலும் அந்தச் சட்டையைத் துவைச்சுப் போட்டேன். நீங்க கட்டில்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தீங்க."

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

சாக்குப் போக்கு ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். மாமியார் ஆமா, ஆமா என்றே நின்றார். அவள் மறுபடி தோளைக் கொடுத்தாள்.

நாலாம் மாடித் திருப்பத்தில் கண்டக்டர் பையோடு இறங்கி வந்தார். "என்ன, மாமியாரும் மருமகளும் மலையேறுறீங்க? சார் வந்தா இந்தக் கஷ்டம் உண்டா? எப்போதான் வர்றார்?"

அவள் வழக்கமான பொய்யைத் தேடுவதற்குள் மாமியார் மூச்சு வாங்கிக்கொண்டே, "வரமாட்டான். அவன் எங்களை விட்டுட்டுப் போயிட்டான். லிஃப்டுக்கு வாரியத்துக்குப் போன் போடுங்க" என்றார்.

கண்டக்டருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல் எழும்பவில்லை. பிறகு கடைக்குப் போவதை விட்டுவிட்டு மேலே ஏறிப் போய், தன் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஐந்தாம் மாடியில் போட்டார். "உட்கார்ந்துட்டுப் போங்கம்மா" என்றார். மாடிக்கு மாடி அதைத் தூக்கிக்கொண்டே எட்டுவரை வந்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆனாலும் சாயங்காலத்துக்குள் கட்டிடம் பூராவும் தெரிந்துபோயிற்று. தண்ணீர் பிடிக்கப் போனபோது பெண்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். அந்த மரியாதை அவளுக்குப் பிடிக்கவில்லை.

வாரியத்திலிருந்து புதுக் கணக்கு வந்தது. வாடகை இறங்கியிருந்தது. பாக்கிக்குத் தவணை போட்டிருந்தார்கள். கட்டிவிட முடியும், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனால். மேற்பார்வையாளரிடம் இந்தத் தடவை உள்ளதைச் சொல்லி, ஞாயிறு மத்தியான ஷிஃப்டைக் கேட்டு வாங்கினாள். லிஃப்டும் ஒருநாள் ஓட ஆரம்பித்தது. வாரியத்து ஆள் ஒருவன் வந்து சரிசெய்தான் என்றார்கள்.

வீட்டுக்குள்தான் ஒன்றும் ஓடவில்லை. "சாப்பிடுங்க", "மாத்திரை போட்டாச்சா", "கதவைச் சாத்திக்கோங்க". இவ்வளவுதான் பேச்சு. மாமியார் உட்கார்ந்தபடியே வெங்காயம் உரித்து, துணி மடித்து, விருந்தாளியாக வந்த வீட்டில் வேலை செய்வதுபோல ஓசைப்படாமல் வேலை செய்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சட்டைகளை எல்லாம் மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

வீட்டுக்கு உரியவர் பெயர் மாறுகிறது என்று வாரியம் அவனுக்கும் தெரிவித்திருந்தது. அவன் அம்மாவுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வந்து சாமான்களை எடுத்துக்கொள்கிறேன் என்றான்.

அன்று காலையில் அவள் குளித்துவிட்டு வந்தபோது, மாமியார் வெளியே போகும்போது கட்டுகிற நீலப் புடவையைக் கட்டியிருந்தார். தலையை வாரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பை வழக்கத்தைவிடப் புடைத்திருந்தது. அவள் பார்த்தும் பார்க்காததுபோல அடுப்படிக்குப் போனாள்.

அவன் பத்து மணிக்கு வந்தான். இளைத்திருந்தான். புதுச் சட்டை. சொந்த வீட்டு வாசலில் உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றான்.

"என் பேரை எடுத்துட்டீங்களாமே" என்றான்.

"பேரைத்தான் நாங்க எடுத்தோம். ஆளை எடுத்துட்டுப் போனது நீங்க" என்றாள். இதைத்தான் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை. வந்துவிட்டது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். டூல்ஸ் பெட்டியைத் தேடி எடுத்தான். அவள் சட்டை மூட்டையைக் காலால் தள்ளிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். ஆனால் அங்கிருந்து எல்லாம் கேட்டது.

"சாப்பிட்டியாப்பா?"

"ஆச்சும்மா."

"இப்போ இருக்கிற இடம் எப்படி? பெருசா?"

"சின்னதுதாம்மா. ஒரே ரூம். நாங்க ரெண்டு பேரே இடிச்சுக்கிட்டு இருக்கோம்."

"தண்ணி வசதி எல்லாம்?"

"இருக்கு."

மாமியார் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்காமல் காத்திருந்தார். 'நீங்களும் வாங்கம்மா' என்கிற ஒரு வார்த்தைக்காக. அடுப்படியில் நின்றிருந்தவளும் தன்னை அறியாமல் குழாயை மூடிவிட்டு அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். வந்தால் நிம்மதியா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோங்க. அப்புறமா வரேன்" என்றான் அவன்.

லிஃப்டின் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அவள் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாமியார் அதே இடத்தில், அதே மாதிரி, பையை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. புடவை மடிப்பு ஒன்றை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தார்.

கோபம் போய்விட்டதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். போகவில்லை. அப்படியே இருந்தது. இன்னும் எவ்வளவு நாள் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"மாத்திரையெல்லாம் அந்தப் பையிலயா வெச்சிருக்கீங்க?" என்றாள்.

மாமியார் தலையை ஆட்டினார்.

"வெளியே எடுத்து வைங்க. மத்தியானம் நான் இருக்கமாட்டேன், தேடிக்கிட்டு இருக்காதீங்க."

மாமியார் பையைத் திறந்தார். மாத்திரை அட்டைகள், சீப்பு, மாற்றுப் புடவை ஒன்று, துண்டு. ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். அவள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, அவர் எல்லாவற்றையும் எடுத்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.